ஈரநீக்கி வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க

அக்டோபர் பிறந்தா போதும், லண்டன்ல இருக்கற நம்ம மக்களோட வாட்ஸ்அப் குழுக்கள்ல ஒரே கேள்விதான் சுத்தும். "நல்ல டீஹ்யூமிடிஃபையர் எதுங்க? லிங்க் ப்ளீஸ்." பத்து பேர் பத்து லிங்க் போடுவாங்க. ரெண்டு நாள்ல பெட்டி வீட்டுக்கு வந்துடும். வந்தப்புறமும் படுக்கையறை மூலையில இருக்கற கருப்பு அப்படியே இருக்கும், குழந்தை ராத்திரி இருமிக்கிட்டேதான் இருக்கும். மார்ச் மாசம் அதே பெட்டி இன்னொரு குழுவுல பாதி விலைக்கு விற்பனைக்கு வரும்.

என் கட்சி இதுதான். எந்த மாடல்ங்கறது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, உங்க வீட்டுக்குள்ள தண்ணி எங்கேருந்து வருது? அதுக்குப் பதில் தெரியாம பெட்டி வாங்குறது, காய்ச்சல் எதனாலன்னு பார்க்காம பாராசிட்டமால் போட்டுக்கிட்டே இருக்கற மாதிரி.

டீஹ்யூமிடிஃபையர்னு ஒவ்வொரு தடவையும் தட்டச்ச விரல் வலிக்குது. அதனால இனிமே ஈரநீக்கி. இதைவிட நல்ல சொல் வச்சிருக்கற தமிழார்வலர்கள் பின்னூட்டத்துல வந்து திட்டலாம் :-)

பலபேர் வீட்டுல இருக்கற ஈரநீக்கி, ஏசியோட ஒண்ணுவிட்ட தம்பிதான். ஏசியில குளிர்ச்சி வீட்டுக்குள்ள, சூடு வெளியில. இதுல ரெண்டு பக்கமும் ஒரே பெட்டிக்குள்ள. காத்தை உள்ள இழுத்து குளிர்ந்த குழாய் மேல ஓட்டும். ஐஸ் மோர் டம்ளருக்கு வெளியில முத்து முத்தா தண்ணி கோக்குதே, அதே மாதிரி குழாய்ல தண்ணி கோத்து கீழ தொட்டியில சொட்டும். காஞ்ச காத்தை சூடான குழாய் வழியா வெளிய தள்ளும். அதனால இது அறையைக் குளிரவைக்காது, கொஞ்சம் சூடாக்கும். கோடைக்கு ஏசி மாதிரி உதவும்னு வாங்கினவங்க இருக்காங்க, பாவம்.

இப்ப கணக்குக்கு வருவோம். 20 டிகிரி சூட்டுல ஒரு கனமீட்டர் காத்து அதிகபட்சம் 17 கிராம் தண்ணியைத் தாங்கும். 10 டிகிரியில 9 கிராம் சொச்சம். 0 டிகிரியில 5 கிராம்கூட இல்ல. காத்து சூடா இருந்தா நிறைய தண்ணி தாங்கும், ஆறினா கீழ போட்டுடும். இந்த ஒரு விஷயம் புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும்.

நாலு மீட்டருக்கு மூணு மீட்டர் படுக்கையறை. உள்ளே 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம். அந்த அறைக் காத்துல இருக்கற மொத்தத் தண்ணி ஏறக்குறைய 300 மில்லி. ஒரு பெரிய டம்ளர். அவ்வளவுதான். ஆனா மெஷின்ல துவைச்ச ஒரு லோடு துணியை அதே அறையில ஸ்டாண்டுல விரிச்சுப் போட்டீங்கன்னா, அதிலேருந்து மட்டும் சுமார் 2 லிட்டர் தண்ணி காத்துக்குள்ள போகும். டம்ளர்ல குடத்தை ஊத்தினா என்ன ஆகும்? வழிஞ்சதெல்லாம் ஜன்னல் கண்ணாடிக்கும் வெளிச்சுவருக்கும் போகும்.

இது போக நம்ம சமையல் இருக்கு. இட்லிப் பானை, சோறு வடிக்கறது, ரசம் கொதிக்கறது, குக்கர் விசில், எல்லாம் ஆவிதான். இந்த ஊர்ல பல அடுக்ககங்கள்ல அடுப்புக்கு மேல இருக்கற ஃபேன் காத்தை வெளிய அனுப்பறதே இல்ல. ஒரு ஃபில்டர் வழியா இழுத்து திரும்ப அதே சமையலறைக்குள்ள விடும். எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் நிக்கும், ஆவி நிக்காது. உங்க வீட்டு ஃபேனுக்கு வெளியில குழாய் போகுதான்னு இன்னிக்கே போய்ப் பாருங்க. ஈரநீக்கி வாங்கற காசுக்கு முன்னாடி பார்க்கவேண்டிய இடம் அது.

அலமாரிக் கதையையும் சொல்லிடறேன், நிறைய வீட்டுல அழுகை வந்ததே இதனாலதான். கல்யாணப் பட்டுப்புடவை, அம்மா குடுத்த காஞ்சிபுரம், எல்லாத்தையும் பத்திரமா ஒரு பெரிய அலமாரியில அடுக்கி, அந்த அலமாரியை வெளிச்சுவரோட ஒட்டி வச்சிருப்போம். கிழக்கு லண்டன்ல நம்மாளுங்க குடியிருக்கற பழைய வரிசை வீடுகள்ல வெளிச்சுவர் பல இடத்துல ஒன்பது அங்குல செங்கல் மட்டும்தான், நடுவுல இடைவெளி கிடையாது. குளிர்காலத்துல அந்தச் சுவரோட உள்பக்கம் 12 டிகிரிக்கு இறங்கிடும். அறையில 20 டிகிரி, 60 சதவீதம்னு மானி காட்டும், நாமளும் நிம்மதியா இருப்போம். ஆனா அந்தக் காத்து அலமாரிக்குப் பின்னாடி 12 டிகிரிச் சுவரைத் தொடும்போது அதோட ஈரப்பதம் கிட்டத்தட்ட 100. பூஞ்சைக்கு 80 சதவீதமே போதும், வாசல்ல கோலம் போட்டுக் கூப்பிட்ட மாதிரி. தீபாவளிக்குப் புடவையை எடுத்தா மடிப்புல வெள்ளைப் புள்ளி, முதுகுப்பலகையில கருப்பு.

இதுக்கு முதல் மருந்து காசு செலவில்லாதது. அலமாரியை சுவரை விட்டு ஒரு கை நுழையற அளவுக்கு இழுத்துப் போடுங்க. முடிஞ்சா வீட்டுக்குள்ள இருக்கற தடுப்புச் சுவருக்கு மாத்துங்க. நடைவழியில ஈரநீக்கியை ஓட்டிட்டு மூடின அலமாரிக்குப் பின்னாடி காயும்னு எதிர்பார்க்கறது நடக்காத காரியம். பவுண்டு கடையில விக்கற ஈரம் உறிஞ்சும் டப்பா இருக்கே, அதுல இருக்கறது கால்சியம் குளோரைடு உப்பு. வாரக்கணக்கில சில நூறு மில்லி உறிஞ்சும். சின்ன அலமாரிக்குச் சரி, வீட்டுக்குப் பத்தாது. அந்த உப்புத்தண்ணி பட்டு மேல சிந்தினா பூஞ்சையே தேவலைன்னு தோணும்.

அடுத்து இந்த ஊர் வெள்ளைக்காரர் எல்லார்கிட்டயும் கேக்கற வேதவாக்கு: "ஜன்னலைத் திறந்து வை." வெளியில மழை தூறுது, பனிமூட்டம், இதுல ஜன்னலைத் திறந்தா ஈரம் உள்ளதானே வரும்னு நம்மாளுங்களுக்குச் சந்தேகம். ஊர் அனுபவத்துல வந்த நியாயமான சந்தேகம்தான். ஆனா இங்க அவங்க சொல்றது சரி. ஜனவரியில வெளிய 5 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம்னு வச்சுக்குங்க. அந்தக் காத்துல ஒரு கனமீட்டருக்கு 6 கிராம் தண்ணிதான். உள்ள வந்து 20 டிகிரிக்கு சூடானதும் அதோட ஈரப்பதம் 35 சதவீதம்! பாலைவனக் காத்து மாதிரி. கார்த்திகை மாச சென்னையை எடுத்துக்குங்க. 26 டிகிரி, 85 சதவீதம். கனமீட்டருக்கு 20 கிராமுக்கு மேல. இங்க ஒரு அறை மொத்தமா தாங்கக்கூடியதைவிட அதிகம். அங்க அடைமழையில ஜன்னலைத் திறந்தா ஈரம் உள்ளதான் வரும். அங்க இருக்கறவங்க ஏசியில 'ட்ரை' மோடு போட்டாலே அது ஈரநீக்கி வேலையைப் பார்க்கும், தனியா ஒண்ணு வாங்கறதுக்கு முன்னாடி அதை முயற்சி பண்ணுங்க.

ஆனா ஒண்ணு. ஜன்னலா, ஈரநீக்கியா, ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான். குளிச்சதும் பதினஞ்சு நிமிஷம், சமைச்சதும் பதினஞ்சு நிமிஷம் ஜன்னல். மூடினப்புறம் ஈரநீக்கி. ரெண்டையும் சேர்த்து வச்சா மின்சாரத்தை வெளிய அனுப்பறோம், வேற ஒண்ணும் இல்ல.

சரி, தண்ணி எங்கேருந்து வருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? பெரிய கருவி எல்லாம் வேண்டாம். பத்து பவுண்டுக்குள்ள ஒரு ஈரமானி கிடைக்கும். ஈரநீக்கியிலயே ஒண்ணு இருக்கேன்னு கேக்கலாம், அது தன் மூக்குக்கு முன்னாடி இருக்கற காத்தை மட்டும்தான் அளக்கும். தனியா ஒண்ணை வாங்கி, சந்தேகப்படற மூலைக்குப் பக்கத்துல வையுங்க. ஈரநீக்கியை 50 சதவீதத்துல வச்சு ஒரு வாரம், பத்து நாள் ஓட்டுங்க. முதல் சில நாள் தொட்டி சீக்கிரம் ரொம்பும், பயப்படவேண்டாம். சுவர், கார்ப்பெட், மெத்தை, புத்தகம் எல்லாம் குடிச்சு வச்சிருந்ததைக் கக்குது. அப்புறம் குறையணும். மானி 50ல நிக்கணும், சுவர் காயணும். காஞ்சுதுன்னா உங்க பிரச்சினை ஆவி. நீங்களே சரிபண்ணிக்கலாம்.

மானி 50 காட்டியும் சுவர்ல அந்த ஒரு திட்டு மட்டும் காயலைன்னா? மழை பெய்ஞ்ச மறுநாள் பெருசாகுதுன்னா? தரையிலேருந்து இடுப்பளவுக்கு மட்டும் பெயிண்ட் உப்பி உதிருதுன்னா? துணியே காயப்போடாத வாரத்துலயும் தொட்டி அதே வேகத்துல ரொம்புதுன்னா? அது உங்க சமையலும் இல்ல, குளியலும் இல்ல. கூரை, மழைநீர்க் குழாய், சுவர், அடியில போற பைப், இதுல ஏதோ ஒண்ணு ஒழுகுது. எந்தப் பெட்டியும் அதுக்கு மருந்தாகாது. மேல தண்ணி வந்துக்கிட்டே இருக்கும், நீங்க கரண்டு பில் கட்டி அதை வாளியில பிடிச்சுக்கிட்டே இருப்பீங்க.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, வாடகை வீட்டுக்காரங்க கிட்ட இந்தப் பெட்டி இப்போ ஒரு தந்திரமா மாறிட்டு வருது. தெரிஞ்ச ஒரு குடும்பம். ரெண்டு சின்னப் பசங்க. சுவர்ல ஈரம்னு ஏஜென்ட்கிட்ட நாலு தடவை எழுதினாங்க. நாலாவது தடவை ஒரு ஆள் ஈரநீக்கியைக் கொண்டாந்து நடு ஹால்ல வச்சிட்டு, "நீங்க ரொம்ப சமைக்கறீங்க, துணியை உள்ள காயப்போடறீங்க"ன்னு உபதேசம் பண்ணிட்டுப் போனார். கரண்டு செலவு இவங்களோடது. கடைசியில ஒரு மழைநாள்ல வெளிய நின்னு அண்ணாந்து பார்த்தா, மேல மழைநீர்க் குழாய் இணைப்பு விட்டு, தண்ணி நேரா அந்தச் சுவர் மேல வழியுது. சமைக்காம இருந்தா குழாய் ஒட்டிக்குமா?

சமையலையும் குளியலையும் குத்தம் சொல்ற இந்தப் பேச்சு எங்க கொண்டுவிடும்னு இந்த நாட்டுக்குத் தெரியும். ராச்டேல் நகரத்துல ஒரு அடுக்ககத்துல குடியிருந்த அவாப் இஷாக்குங்கற ரெண்டு வயசுக் குழந்தை 2020 டிசம்பர்ல இறந்துபோச்சு. வீட்டுப் பூஞ்சையில நீண்டநாள் இருந்ததால வந்த சுவாசக் கோளாறுதான் காரணம்னு 2022 நவம்பர்ல மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். அப்பா புகார் பண்ணினப்போ கிடைச்ச பதில், மேல பெயிண்ட் அடிச்சுக்கோ. குடும்பத்தோட வாழ்க்கைமுறையைப் பத்தி தாங்களா ஒரு முடிவுக்கு வந்தது தப்புன்னு வீட்டு நிர்வாகம் பின்னாடி ஒத்துக்கிச்சு. குழந்தை போனப்புறம் ஒத்துக்கிட்டு என்ன?

அந்தக் குழந்தை பேர்லயே இப்ப சட்டம் இருக்கு. 2025 அக்டோபர் 27லேருந்து இங்கிலாந்துல சமூக வீடுகளுக்கு நடைமுறைக்கு வந்துது. அவசர ஆபத்துன்னா 24 மணி நேரத்துல நடவடிக்கை. குறிப்பிடத்தக்க ஈரம், பூஞ்சைன்னா 10 வேலைநாள்ல வந்து பார்க்கணும், பார்த்து முடிச்ச 5 வேலைநாள்ல ஆபத்தில்லாமப் பண்ணணும். தனியார் வாடகை வீடுகளுக்கும் இதை நீட்டிக்க 2025ல வந்த வாடகைதாரர் உரிமைச் சட்டத்துல வழி வச்சிருக்காங்க. அது இல்லாமலேயே, வீடு மனுஷன் குடியிருக்கத் தகுந்ததா இருக்கணும்னு சொல்ற 2018ஆம் வருஷச் சட்டம் தனியார் வீட்டுக்கும் பொருந்தும், ஈரம் அதுல ஒரு விஷயம்.

இங்கதான் ஈரநீக்கியும் மானியும் இன்னொரு விதத்துல உதவும். தினம் எத்தனை லிட்டர் தொட்டியில வந்துது, மானி என்ன காட்டிச்சு, மழை பெய்ஞ்சுதா, அன்னிக்குத் துணி காயப்போட்டோமா, சுவர் போட்டோ, இதையெல்லாம் தேதியோட ஒரு நோட்டுல எழுதி வையுங்க. ரெண்டு வாரக் கணக்கோட மின்னஞ்சல் போட்டா, 'நீங்க ரொம்ப சமைக்கறீங்க'ங்கற வாய் கொஞ்சம் அடங்கும். போன்ல பேசவேண்டாம், எழுத்துல இருக்கட்டும்.

ஆவிதான் பிரச்சினைன்னு உறுதியாயிடுச்சா? இப்ப மாடல் பேசலாம்.

ரெண்டு ஜாதி உண்டு. மேல சொன்ன கம்ப்ரஸர் வகை ஒண்ணு. சாதாரணமா 150லேருந்து 250 வாட் இழுக்கும். ஹீட்டிங் போடற அறைக்கு இதுதான் லாபம். ஆனா 15 டிகிரிக்குக் கீழ திணறும், 10க்குக் கீழ குழாய்ல ஐஸ் பிடிச்சு, அதை உருக்கறதுலயே பாதி நேரம் போகும். இன்னொண்ணு டெசிகன்ட் வகை. புது செருப்புப் பெட்டியில 'சாப்பிடாதே'ன்னு எழுதி ஒரு குட்டிப் பொட்டலம் இருக்குமே, அந்தக் குடும்பம். ஈரத்தை உறிஞ்சற சக்கரம் சுத்தும், ஹீட்டர் அதைக் காயவைக்கும். குளிர்ல நல்லா வேலை செய்யும். 300லேருந்து 600 வாட் வரை இழுக்கும், ஆனா அந்த சூடு அறைக்குள்ளதான் வருது. கராஜ், கன்சர்வேட்டரி, ஹீட்டிங் இல்லாத பின்னறைன்னா இது.

பெட்டி மேல '12 லிட்டர்'னு போட்டிருக்கறதை நம்பி ஏமாறவேண்டாம். கம்ப்ரஸர் வகைக்கு அந்த எண் பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீதத்துல அளந்தது. அது நம்ம ஊர் ஆடி மாசம்! இங்க 20 டிகிரி, 60 சதவீதத்துல பாதி வந்தாலே பெரிசு. சின்ன அறைக்கும் 10, 12 லிட்டர்னு எழுதினதை வாங்கச் சொல்றது இதனாலதான்.

செலவு? 200 வாட் பெட்டியை ஆறு மணிநேரம் ஓட்டினா 1.2 யூனிட். 2025ல இங்க யூனிட் 25, 27 பென்ஸ் வாக்குல இருந்துது. அப்ப ஏறக்குறைய 30 பென்ஸ். துணி காயற நாளுக்கு இது தாராளமா தரும். சின்ன அறையில துணி ஸ்டாண்டு, ஈரநீக்கி, கதவு ஜன்னல் சாத்தல், இதுதான் நல்ல முறை. வீடு முழுக்க துணி விரிச்சுட்டு ஹால்ல ஒரு பெட்டி வைக்கறது வீண். சுவரை விட்டு ஒரு அடி தள்ளி வையுங்க, காத்து போக வர இடம் வேணும்.

எண்ணை 30க்குத் தள்ளி நாள் முழுக்க ஓட்டுறவங்களும் இருக்காங்க. வேண்டாம். 50, 55ல வச்சா போதும். 40க்குக் கீழ போனா தொண்டை வறளும், தோல் அரிக்கும். வீணை வச்சிருக்கறவங்க வீட்டுல மரம் விரிசல் விடும். இன்னொண்ணு, ஏற்கனவே வளர்ந்த பூஞ்சை இதனால மறையாது, காஞ்சாலும் அங்கயேதான் இருக்கும். முகமூடி, கையுறை போட்டு ஈரத்துணியால துடைச்சு எடுக்கணும். காஞ்ச பிரஷ்ஷால தேய்ச்சா வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். ப்ளீச் உபயோகிச்சா அதோட வினிகரோ அமோனியாவோ கலக்கவே கூடாது, விஷவாயு. வீட்டுல ஆஸ்துமா உள்ளவங்க இந்த வேலையைத் தொடவேண்டாம்.

கடைசியா நெருப்பு. தண்ணி எடுக்கற பெட்டியில நெருப்பான்னு சிரிக்காதீங்க. சீனாவோட க்ரீ நிறுவனம் தயாரிச்சு, 2005லேருந்து 2013 வரை பல பிராண்டு பேர்கள்ல வித்த ஈரநீக்கிகள் சூடேறிப் புகைஞ்சு தீப்பிடிச்சதால, 2013 செப்டம்பர்ல அமெரிக்காவுல 22 லட்சம் பெட்டிகளைத் திரும்பப் பெற அறிவிச்சாங்க. 2014 ஜனவரியில எண்ணிக்கை 25 லட்சமாச்சு. 2023 ஆகஸ்ட்ல இன்னும் 15 லட்சத்துக்கு மேல. குறைபாடு தெரிஞ்சும் அரசுக்கு உடனே சொல்லாததுக்காக நடந்த குற்ற வழக்குல 2021ல 9.1 கோடி டாலருக்கு உடன்பாடாச்சு. ஒரே கம்பெனி எத்தனை பேர்கள்ல வருது பாருங்க. அதனால குழுவுல யாராவது பழைய பெட்டி தர்றாங்கன்னா, பின்பக்கம் இருக்கற மாடல் எண்ணைப் பார்த்து, திரும்பப் பெறும் பட்டியல்ல இருக்கான்னு தேடிட்டு அப்புறம் காசைக் குடுங்க.

ப்ளக்கை நேரா சுவர்ல செருகுங்க. 200 வாட்டுக்கு எக்ஸ்டென்ஷன் எரிஞ்சிடாது, ஒத்துக்கறேன். ஆனா குளிர்காலத்துல அதே எக்ஸ்டென்ஷன்ல 2000 வாட் ஹீட்டரும் கெட்டிலும் வந்து சேரும், அதான் வம்பு. சீக்கிரம் காயும்னு ஈரத்துணியைப் பெட்டி மேலயே போடறாங்க, காத்து அடைச்சு சூடேறும், செய்யாதீங்க. குளியலறைக்குள்ள கொண்டுபோகாதீங்க. தூசி வடிகட்டியை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவுங்க. இப்ப வர்ற பல பெட்டிகள்ல ஆர்-290ன்னு ஒரு வாயு இருக்கும். புரொப்பேன்தான், எரியக்கூடியது. அளவு கம்மி, பயப்படவேண்டாம், ஆனா ஐஸ் பிடிச்சிருக்குன்னு ஸ்க்ரூ டிரைவரால சுரண்டற வேலை வேண்டாம். காருல படுக்கவச்சுக் கொண்டாந்தா உடனே போடாம, கையேடு சொல்ற நேரம் நிமிர்த்தி வச்சிட்டுப் போடுங்க. தூங்கும்போதும் வீட்டுல ஆளில்லாதபோதும் நான் எங்க வீட்டுல ஓட்ட விடறதில்ல. வீட்டுக்காரம்மாவுக்கு இதுல உடன்பாடு இல்ல, ராத்திரி கரண்டு மலிவுன்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க. பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டிருக்கு.

பி.கு: தொட்டித் தண்ணி பார்க்க ஸ்படிகம் மாதிரி இருக்கும். குடிக்காதீங்க, தூசியும் கிருமியும் உலோகமும் கலந்தது. ஊர்ல இருக்கறவங்க ஏசித் தண்ணியைப் பிடிச்சு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்தற பழக்கம் இருந்தா, அதுவும் டிஸ்டில்டு வாட்டர் ஆகாது. எங்க வீட்டுல அது நேரா கழிப்பறைக்கு.